ஆம்புலன்ஸை விட்டு இறங்கிய ஈ.எம்.டி.க்கு என்ன அனுமதி?

ஆசிரியருக்கு வணக்கம்.

வீடு தேடி வந்து ஊசி போடும், டிரிப் ஏற்றும் சேவைகள் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை அவற்றின் வசதியை நன்றாகச் சொன்னது. அந்த வேலைக்குப் போகிறவர்களில் ஆம்புலன்ஸ் மருத்துவ உதவியாளர்களும் உண்டு. ஈ.எம்.டி. என்று நாம் அழைக்கும் இவர்களைச் சட்டம் எந்த இடத்தில் நிறுத்துகிறது என்பது கட்டுரையில் விடுபட்டுவிட்டது.

108 வண்டியில் ஈ.எம்.டி. கொடுக்கும் மருந்து அவருடைய தனி முடிவு அல்ல. எந்த நிலைக்கு என்ன செய்யலாம் என்ற எழுத்து நெறிமுறை உண்டு. அதற்கு மேல் வேண்டுமானால் கட்டுப்பாட்டு அறை மருத்துவரை போனில் கேட்க வேண்டும். அவர் சொன்ன மருந்து, அளவு, கொடுத்த நேரம் எல்லாம் படிவத்தில் ஏறும். டூட்டி முடிந்து அதே ஆள் தெருக்கோடி வீட்டில் வென்ஃபிளான் (மருந்து ஏற்ற ரத்தநாளத்தில் செருகும் சிறு குழாய்) போடும்போது, அவருக்குப் பின்னால் இந்த ஏற்பாடு எதுவும் கிடையாது. மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் அவரே நோயைத் தீர்மானித்து மருந்து ஏற்றினால், அது பதிவு பெறாதவர் மருத்துவம் பார்ப்பதாகும். தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் 2019, பிரிவு 34-இன்படி அதற்கு ஓராண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தகுதி பெறாத மருத்துவ முறையில் சிகிச்சை அளிப்பதே கவனக்குறைவுதான் என்று பூனம் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-லேயே சொல்லிவிட்டது.

இதை வெறும் காகிதக் கெடுபிடி என்று நினைக்க வேண்டாம். ஐம்பது வயதுக்காரர் மேல்வயிறு எரிகிறது, வியர்க்கிறது என்கிறார். வீட்டார் 'கேஸ்' என்கிறார்கள். அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் 40 மில்லிகிராம் ஊசி ஏறுகிறது, சற்று ஆறுதலாகவும் இருக்கிறது. இதயத்தின் கீழ்ச்சுவர் மாரடைப்பும் இப்படித்தான் தொடங்கும். ஈசிஜி எடுத்து மருத்துவர் பார்த்திருந்தால் ஆஸ்பிரின் கொடுத்து, அடைப்பை நீக்கும் வசதியுள்ள மருத்துவமனைக்கு நேரே அனுப்பியிருப்பார். வீட்டில் அந்த நேரம் வீணாகிறது. 'சோர்வாக இருக்கிறது' என்று கேட்டு வாங்கும் டிரிப்பும் அப்படித்தான்: இதயம் பலவீனமானவருக்கோ சிறுநீரகம் செயலிழந்தவருக்கோ 500 மில்லி சலைனை வேகமாக ஏற்றினால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும். செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் ஊசியின் ஒவ்வாமையில் ரத்த அழுத்தம் சரியும்போது தொடையின் வெளிப்புறத் தசையில் 0.5 மில்லிகிராம் அட்ரினலின் உடனே போட வேண்டும். வீட்டுச் சேவைக்குப் போகிறவர்கள் பலரின் பையில் மற்ற ஊசி மருந்து இருக்கும், அட்ரினலின் இருக்காது.

உயிர் போய்விட்டால் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 106(1) வரும். கவனக்குறைவால் மரணம் என்றால் ஐந்தாண்டு வரை சிறை. பதிவு பெற்ற மருத்துவர் சிகிச்சையின்போது செய்ததென்றால் மட்டும் அது இரண்டாண்டு வரை. ஈ.எம்.டி. அந்த வரையறைக்குள் வரமாட்டார். இளம் ஊழியர்கள் பலர் இதை அறியாமலே பகுதிநேர வேலைக்கு ஒப்புக்கொள்வது மிகவும் கவலைக்குரியது.

'உதவப் போனவரைச் சட்டம் காப்பாற்றுமே' என்பார்கள். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 134ஏ சாலை விபத்தில் சிக்கியவருக்கு, பலன் எதிர்பாராமல், நல்லெண்ணத்துடன் உதவுகிறவரைத்தான் காக்கிறது. கோயில் திருவிழாவில் மயங்கியவரும் மாரத்தானில் விழுந்தவரும் அதற்குள் வரமாட்டார்கள். கூலி பேசி நிற்கிறவருக்கோ விபத்து இடத்திலும் அந்தக் காப்பு இல்லை.

அதற்காக டூட்டியில் இல்லாத ஈ.எம்.டி. கைகட்டி நிற்க வேண்டும் என்று சொல்லவில்லை. நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 செ.மீ. ஆழத்தில் மார்பை அழுத்துவது, இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் ஏ.இ.டி. கருவியைப் பொருத்துவது, ரத்தப்போக்கை அழுத்தி நிறுத்துவது, எலும்பு முறிவுக்குக் கட்டை கட்டுவது, 108-ஐ அழைப்பது எல்லாம் யாரும் செய்யலாம். அவர் நம்மைவிட நன்றாகவே செய்வார். ஊசியும் மருந்தும் வரும்போதுதான் மருத்துவர் தேவை.

வீட்டுச் சேவைக்கும் நேர்வழி இருக்கிறது. 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல், சுகாதாரப் பணியாளர் நோயாளி அருகில் இருந்தபடி பதிவு பெற்ற மருத்துவரை இணைக்க இடமளிக்கிறது. மருத்துவரின் பெயர், பதிவு எண், மருந்து, அளவு, செலுத்தும் வழி, தேதி உள்ள சீட்டு கையில் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த பழைய சீட்டின் படம் போதாது. ஈ.எம்.டி.யை அமர்த்தித் திருவிழா, மாரத்தான் போன்ற நிகழ்ச்சி நடத்துகிறவர்கள் பொறுப்பு மருத்துவர் யார் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதட்டும். மருத்துவர் இல்லையென்றால் முதலுதவிப் பெட்டியில் ஊசி மருந்தே வைக்கக் கூடாது.

2021-ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டம் அவசர மருத்துவத் தொழில்நுட்பரைத் தன் அட்டவணையில் சேர்த்திருக்கிறது. துணை மருத்துவத் தொழில் படிப்புக்கு அது குறைந்தது 2,000 மணி நேரம் கேட்கிறது. 108 ஆள்சேர்ப்பு அறிவிப்புகளில் நாம் பார்ப்பது சுமார் 50 நாள் வகுப்பறைப் பயிற்சி. நாளுக்கு எட்டு மணி என்று வைத்தாலும் 400 மணி நேரம்தான். வாழ்வாதாரம் கெடாமல் இவர்களை அந்தத் தகுதிக்கு உயர்த்தும் இணைப்புப் படிப்பை அரசு தொடங்க வேண்டும். டூட்டிக்கு வெளியே எவை கூடும், எவை கூடாது என்று ஒரு பக்கத்தில் தமிழில் அச்சிட்டு, பணி ஆணையோடு சேர்த்தே ஒவ்வொருவருக்கும் தர வேண்டும்.

இப்படிக்கு,
அவசர மருத்துவப் பயிற்றுநர் ஒருவர்,
திருச்சி