எங்க தெருவைத் தோண்டறதுக்கு முன்னாடி எங்களையும் ஒரு வார்த்தை கேளுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க.

கோயமுத்தூர் சுந்தராபுரம் பக்கத்துல இட்லி மாவு அரைச்சு விக்கற கடை வச்சிருக்கேன், பதினாலு வருஷமாச்சு. பேப்பருக்கு லெட்டர் எழுதறது இதுதான் மொதத் தடவை, ஏதாச்சும் பிழை இருந்தா திருத்திப் போட்டுக்கங்க. போன வாரம் கடை முன்னாடி ஒரு பேச்சு நடந்துச்சு, படுத்தும் தூக்கம் வரல, அதான் எழுத உக்காந்துட்டேன்.

பொழுதோட ஆறு ஆறரைக்கு மாவு வாங்க வர்றவங்க நாலு பேரு நின்னு பேசிட்டுத்தான் போவாங்க. அன்னைக்கு மெட்ரோ பேச்சு. சரவணம்பட்டில கம்ப்யூட்டர் கம்பெனிக்கு வேலைக்குப் போற தம்பி ஒருத்தரு, தினமும் இங்கிருந்து பைக்ல ஊரைத் தாண்டிப் போயிட்டு வர்றவரு, அவருக்கு ரொம்பக் கோவம். 39 கிலோமீட்டருக்கு 10,740 கோடின்னு பிளான் போட்டு டெல்லிக்கு அனுப்புனாங்க, 2025 நவம்பர்ல திருப்பி அனுப்பிட்டாங்க, 2011 கணக்குப்படி மாநகராட்சில 15.84 லட்சம் பேருதான், 20 லட்சம் இருந்தாத்தான் மெட்ரோன்னு காரணம் சொல்றாங்க, 2011-ல இருந்த ஊராக்கா இதுன்னு என்னையக் கேட்டாரு. நியாயமான கேள்விதானுங்களே, அப்ப எங்க கடையத் தாண்டுனா காடு, இப்ப எங்க பார்த்தாலும் அபார்ட்மெண்ட்.

பேங்க்ல இருந்து ரிட்டயர்டான சார் ஒருத்தரு இருக்காரு, அவரு சொன்னாரு, மெட்ரோ வர்றப்ப வரட்டும் தம்பி, அவினாசி ரோட்டுல பத்து கிலோமீட்டர் பாலத்துக்கு 1,791 கோடி, காந்திபுரம் ஜெயில் மைதானத்துல செம்மொழிப் பூங்காவுக்கு 208 கோடி, எல்லாம் சரி, நம்ம தெருவுல மழைத்தண்ணி போறதுக்கு வழி எங்கன்னு. அதுக்கு ஆட்டோ ஓட்டற அண்ணன் ஒத்துக்கவே இல்ல. அந்தப் பாலம் வந்தப்புறம் ஏர்போர்ட் சவாரிக்கு எத்தனை சிக்னல் மிச்சம் தெரியுமா சார், எனக்கு டீசல் மிச்சம், அதைக் குறை சொல்லாதீங்கன்னுட்டாரு. அப்படியே சத்தம் ஏறிப்போச்சு, மாவு வாங்க வந்த பொண்ணுக ரெண்டு பேரு திரும்பிப் போயிட்டாங்க.

எனக்கு மூணு பேரு சொல்றதும் சரின்னுதான் படுது. பாலம் வேணும், பஸ் வேணும், சாக்கடையும் வேணும். வளர்ற ஊருக்குச் செலவு பண்ணாம இருக்க முடியுங்களா. பில்லூர் மூணாவது குடிநீர்த் திட்டத்துக்கு சுமார் 780 கோடி ஆச்சுன்னாங்க, 2024 பிப்ரவரில தொறந்தாங்க, அதெல்லாம் வீண் செலவுன்னு யாராச்சும் சொன்னா நான் சண்டைக்கே போவேன். மாவுக்கடைக்காரிக்கு நல்லதண்ணியோட அருமை தெரியும், உப்புத்தண்ணில உளுந்து ஊறப்போட்டு ஆட்டுனா அந்த மாவு சரியாப் பொங்காது, ருசியும் வராது.

எனக்கு இருக்கற ஆத்தாமை வேறங்க. எந்த வேலைய மொதல்ல செய்யறது, எதை அப்புறம் செய்யறதுன்னு முடிவு பண்றப்ப அந்தத் தெருவுல குடியிருக்கறவங்கள யாரும் கூப்பிட்டு உக்கார வச்சுக் கேக்கறதே இல்ல, அதுலதான் காசு வீணாப் போகுது.

எங்க தெருக் கதையவே சொல்றேன். மொதல்ல பாதாளச் சாக்கடைக்குத் தோண்டுனாங்க. மண்ணை அள்ளிப் போட்டு மூடிட்டுப் போனவங்க ரொம்ப நாளைக்கு வரல, புழுதில கடைக்கு முன்னாடி படுதா கட்டித்தான் யாவாரம் பண்ணேன். அப்புறம் தண்ணிக் குழாய்க்குத் தோண்டுனாங்க. ஒருவழியா தார் ரோடு போட்டாங்க, அன்னைக்கு ராத்திரி சூடு ஆறாத ரோட்டுல எங்க தெருப் பசங்க சைக்கிள் ஓட்டுனது இன்னும் கண்ணுல நிக்குது. நாலு மாசம் முழுசா ஆகல, கேஸ் குழாய் போடறோம்னு மிஷினைக் கொண்டாந்து அதே ரோட்டை நடுவுல அறுத்தாங்க. தோண்டறவங்க ரோட்டைச் சரி பண்றதுக்குக் காசு கட்டித்தான் பர்மிஷன் வாங்கறாங்கன்னு அந்த பேங்க் சாரு சொல்றாரு, இருக்கட்டும், அந்தக் காசுல போடற ஒட்டு ரோடு எப்படி இருக்கும்னு எல்லாருக்கும் தெரியுமுங்க. ஒரு மழை பேஞ்சா ஒட்டுப் போட்ட எடம் மட்டும் உள்ள எறங்கிக்கும்.

அப்படி எறங்குன குழிலதான் எதிர்வீட்டு அம்மா விழுந்தாங்க. எழுபது வயசுக்கு மேல இருக்கும், தெனமும் ஒரு சின்னப் போசி எடுத்துட்டு வந்து அரைப்படி மாவு வாங்கிட்டுப் போவாங்க. மழை நின்ன நேரம், குழில தண்ணி நின்னதால ஆழம் தெரியல. விழுந்த சத்தம் கேட்டு ஓடுனேன், மாவு அத்தனையும் செம்மண் தண்ணியோட கலந்து ஓடிட்டு இருந்துச்சு, அந்தம்மா போசிய மட்டும் நெஞ்சோட புடிச்சுட்டு உக்காந்திருந்தாங்க. மணிக்கட்டு முறிஞ்சுபோச்சு. ஒன்றரை மாசம் கட்டுப் போட்டிருந்தாங்க, பேரன்தான் சோறு ஊட்டுனான். குழாய் போட்டவங்களுக்கு போன் பண்ணா நாங்க குழாய் மட்டுந்தான், ரோடு வேற ஆளுங்கன்னாங்க. ரோட்டுக்காரங்களக் கேட்டா தோண்டுனவங்களக் கேளுங்கன்னாங்க. கடைசில நானும் ஆட்டோ அண்ணனும் ரெண்டு மூட்டை ஜல்லி கொண்டாந்து கொட்டி மூடுனோம்.

சாக்கடை, தண்ணி, கேஸ் மூணும் வரப்போகுதுன்னு அவங்களுக்கு முன்கூட்டியே தெரியாமயா இருந்திருக்கும்? மூணு வேலையும் முடிச்சுட்டு கடைசியா ரோடு போட்டிருந்தா ஒரே செலவு. எங்க தெரு ஒண்ணு சின்னதுதான், ஆனா ஊருக்குள்ள 100 வார்டு இருக்குது, ஒவ்வொரு வார்டுலயும் எத்தனை தெரு, கணக்குப் போட்டுப் பாருங்க.

எங்க பக்கத்துலயே வெள்ளலூர்ல பஸ் ஸ்டேண்டு ஒண்ணு இருக்குதுங்க. 61 ஏக்கர்ல 168 கோடிக்கு 2020-ல வேலை ஆரம்பிச்சாங்க, பாதில நின்னுபோச்சு. அந்தப் பக்கம் போறப்பெல்லாம் தூணும் கம்பியும் வெயில்லயும் மழைலயும் நிக்கறதைப் பாக்கறேன். அந்த எடம் பஸ் ஸ்டேண்டுக்குச் சரியில்லன்னு சொல்றவங்களும் இருக்காங்க, கட்டி முடிங்கன்னு சொல்றவங்களும் இருக்காங்க, ரெண்டு பக்கமும் காரணம் இருக்கலாம், ஆனா தூணு எழுப்பறதுக்கு முன்னாடி பேசி முடிச்சிருக்க வேண்டிய பேச்சுங்க அது. அதே வெள்ளலூர்ல குப்பைக் கிடங்கு, 2024 ஏப்ரல்ல தீப்புடிச்சு நாள் கணக்கா எரிஞ்சுச்சே, எங்க வீட்டு ஜன்னல் பூரா சாத்தி வச்சும் புகை வாசம் துணில ஏறிக்கிச்சு. இப்பவும் காத்து இந்தப் பக்கம் அடிச்சா சாயங்காலம் நாத்தம் வரும், கடைல மாவுப் பாத்திரத்தை மூடித்தான் வைக்கறேன். கோயமுத்தூர்ல எதுக்கு மொதல்ல காசு போடணும்னு என்னையக் கேட்டா அந்தக் கிடங்குக்குன்னுதான் சொல்லுவேன், சரவணம்பட்டி தம்பியக் கேட்டா வேற சொல்லுவாரு. கேட்டாத்தானே தெரியும்.

இதுக்குன்னே ஒரு வழி இருக்குதுங்க, புதுசா எதையும் கண்டுபுடிக்க வேண்டியதில்ல. கிராமத்துல கிராம சபை நடக்கற மாதிரி டவுனுக்கும் வார்டு கமிட்டி, ஏரியா சபைன்னு 2022-ல தமிழ்நாடு அரசு விதி கொண்டு வந்துச்சு, அந்த வருஷம் நவம்பர் 1 உள்ளாட்சி நாள்ல மொதத் தடவையா நடத்துனாங்க. என் தங்கச்சிய கிணத்துக்கடவு பக்கம் ஒரு கிராமத்துல கட்டிக் குடுத்திருக்கு, அங்க கிராம சபைல வரவு செலவை எல்லாரு முன்னாடியும் படிக்கறாங்களாம், இவ எந்திரிச்சு நின்னு தெருவிளக்குக் கணக்குல சந்தேகம் கேட்டிருக்கா. எட்டாவது வரைக்கும்தான் படிச்சவ. நாங்களும் 2011-ல மாநகராட்சியோட சேர்ற வரைக்கும் குறிச்சி நகராட்சிதான், அப்ப ஆபீஸ் நடந்து போற தூரம், மூஞ்சி தெரிஞ்ச ஆளுங்க. இப்ப ஊரு பெருசாயிடுச்சு, கேள்வி கேக்கற எடம் தூரமாப் போயிடுச்சு. எங்க தெருவுல நான் விசாரிச்ச பத்து வீட்டுல ஏரியா சபைன்னு ஒண்ணு இருக்கறதே ரெண்டு வீட்டுக்குத்தான் தெரியுது, கூட்டம் என்னைக்கு எங்கன்னு அவங்களுக்கும் தெரியல.

வரி கட்டாம இதைக் கேக்கலீங்க. 2022-ல ஏத்துனப்ப 600 சதுரடிக்குள்ள இருக்கற வீட்டுக்கே 25 சதவீதம் கூடுச்சு, அப்புறம் வருஷா வருஷம் 6 சதவீதம்னு வந்துச்சு, வீட்டுக்கும் கடைக்கும் சேத்து சீட்டுப் பணத்துல இருந்து எடுத்துத்தான் கட்டறேன். அந்தக் காசு எந்தத் தெருவுல ரோடாச்சு, எந்தக் குழில போச்சுன்னு எனக்கும் தெரியணுமில்லங்க.

நான் கேக்கறது ரெண்டுதான். எந்தத் தெருவத் தோண்டறதுன்னாலும் தெரு முக்குல ஒரு போர்டு வைக்கட்டும், என்ன வேலை, எத்தனை ரூபாய், என்னைக்கு முடியும், அதே தெருவுல அடுத்து வரப்போற வேலை என்ன, போன் எடுக்கற ஆளு யாருன்னு தமிழ்ல எழுதி வைக்கட்டும். அடுத்தது, அந்த ஏரியா சபைய எல்லாரும் வீடு திரும்பற சாயங்கால நேரத்துல வைக்கட்டும், ஒரு வாரம் முன்னாடியே சொல்லட்டும். பாலம் வேணுமா சாக்கடை வேணுமான்னு என் கடை முன்னாடி கத்தறதை நாங்க அங்க வந்து பேசிக்கறோம், எழுதியும் குடுத்துக்கறோம்.

ஆசிரியர் ஐயாவுக்கு ஒரு வேண்டுகோளுங்க. உங்க பேப்பர்ல இன்றைய நிகழ்ச்சின்னு கோயில், கச்சேரி எல்லாம் போடறீங்களே, அதுல ஒரு மூலைல எந்த வார்டுல ஏரியா சபை, எங்க, எத்தனை மணிக்குன்னு போடுங்க. எங்க வார்டு பேரு வர்ற அன்னைக்கு நான் கடைய ஒரு மணி நேரம் சாத்திட்டு வர்றேன். எதிர்வீட்டு அம்மாகிட்டயும் சொல்லி வச்சிருக்கேன், கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனா வர்றேன்னு சொல்லியிருக்காங்க.

இப்படிக்கு,
மாவுக்கடை நடத்தும் வாசகி ஒருத்தி,
சுந்தராபுரம், கோவை.