அந்த 25,353 சீட்டுகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜனாதிபதித் தேர்தல் நடந்தது 2024 செப்டெம்பர் 21ஆம் திகதி. அதன் ஒரு வருட நிறைவையொட்டி வந்த கட்டுரைகளை எல்லாம் வாசித்தேன். தமிழ்ப் பொது வேட்பாளரை நிறுத்தியது சரியா, தமிழரசுக் கட்சி சஜித்தை ஆதரித்தது பிழையா, அநுர அலை வடக்குக்கு எப்போது வந்தது என்று எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். நான் வாசித்தவற்றில் ஒரு எண் மட்டும் எங்குமே இல்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில், கிளிநொச்சியும் சேர்த்து, அன்றைக்கு வாக்களித்தவர்கள் 397,041 பேர். சஜித் பிரேமதாசவுக்கு 121,177. சங்குச் சின்னத்தில் நின்ற தமிழ்ப் பொது வேட்பாளர் பாக்கியசெல்வம் அரியநேத்திரனுக்கு 116,688. ரணில் விக்கிரமசிங்கவுக்கு 84,558. அநுர குமார திசாநாயக்கவுக்கு 27,086. நிராகரிக்கப்பட்ட வாக்குகள் 25,353.

இங்கே முதலாம் இடத்துக்கும் இரண்டாம் இடத்துக்கும் இருந்த வித்தியாசம் 4,489தான். அதைப்போல ஐந்து மடங்குக்கு மேல் செல்லாமல் போயிருக்கிறது. ஜனாதிபதியாக வந்த அநுர எங்கள் மாவட்டத்தில் எடுத்த வாக்குகளும் நாங்கள் பழுதாக்கிய சீட்டுகளும் ஏறக்குறைய ஒரே அளவு. நாடு முழுவதும் நிராகரிக்கப்பட்டவை 300,300, அதாவது நூற்றுக்கு இரண்டு சொச்சம். எங்களிடம் நூற்றுக்கு ஆறுக்கு மேல். நாட்டில் வாக்களித்தவர்களில் நாங்கள் முப்பத்திநாலில் ஒரு பங்கு. கழிக்கப்பட்ட சீட்டுகளிலோ பன்னிரண்டில் ஒன்று எங்களுடையது.

நான் உரும்பிராயில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. அன்று மத்தியானம் பக்கத்து வீட்டு ஆச்சி வாக்குப் போட்டுவிட்டு ஓட்டோவில் வந்து இறங்கினார். வயது 81. வெயிலுக்கு எங்கள் திண்ணையில் இருந்து தண்ணி குடித்துவிட்டு, மை காயாத விரலை எனக்குக் காட்டினார்.

“எல்லாம் வடிவாப் போட்டனான் டீச்சர். முதல் ஒண்டு, பிறகு கீழை இன்னொண்டு. ரெண்டாவது விருப்பமும் போடலாமெண்டு நோட்டீஸ் குடுத்த பெடியள் சொன்னவை.”

“என்ன போட்டனீங்கள் ஆச்சி? இலக்கமோ?”

“புள்ளடிதான். ரெண்டுக்கும் புள்ளடிதான்.”

எந்தச் சின்னங்கள் என்பதை எழுதமாட்டேன். அது அவருடைய வாக்கு. நோட்டீஸ் கொடுத்தவர்கள் எந்தக் கட்சி என்பதும் இங்கே தேவையில்லை. எங்கள் ஒழுங்கைக்கு வந்த எல்லாத் தரப்பும் “இரண்டாவது விருப்பமும் இருக்கு” என்று சொன்னார்களே தவிர, அதை எப்படிப் போடுவது என்று ஒருவரும் ஒரு தாளில் எழுதிக் காட்டவில்லை. இரண்டு புள்ளடி (X) போட்ட சீட்டு செல்லாது என்று எனக்குத் தெரியும். ஆச்சியிடம் சொல்ல வாய் வரவில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தார்.

இதை நான் சாதாரணமாக எடுக்க முடியாததற்குக் காரணம் இருக்கிறது. பல தேர்தல்களில் வாக்களிப்பு நிலையக் கடமைக்குப் போனவள் நான். 2005 நவம்பர் 17ஆம் திகதியும் போனேன். காலை ஏழு மணிக்கு முன்னர், வெறும் பெட்டியைத் திறந்து கவிழ்த்துக் காட்டிவிட்டுத்தான் முத்திரை வைக்க வேண்டும். காட்டுவதற்கு ஒரு முகவரும் இல்லை. பக்கத்தில் நின்ற பொலிஸ்காரருக்குத்தான் காட்டினோம். பிறகு இருந்தோம், இருந்தோம். பள்ளிக்கூடக் கேற்றடியில் ஒரு நாய் படுத்திருந்தது. வாக்காளர் இடாப்பு விரித்த பக்கத்திலேயே கிடந்தது. நாலு மணிக்குப் பெட்டியை மூடித் தூக்கியபோது உள்ளே மூன்றே மூன்று சீட்டுகள் வழுக்கி ஓடுகிற சத்தம் கேட்டது. அது இன்னும் என் காதில் இருக்கிறது. அந்தத் தேர்தலில் யாழ். மாவட்டத்தில் வாக்களித்தவர்கள் 8,524 பேர். நூறு பேரில் ஒருவர். மகிந்த ராஜபக்ச வென்றது 180,786 வாக்குகளால். புலிகள் சொன்ன அந்தப் பகிஷ்கரிப்புக்குப் பின்னால் என்ன வந்தது என்று இங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அப்போது வர விடவில்லை, வரவில்லை. இப்போது வந்தார்கள், வரிசையில் நின்றார்கள், மை பூசினார்கள். அப்படி வந்தும் 25,353 பேருடைய சீட்டு பெட்டிக்குள் போய்ச் செல்லாமல் போய்விட்டது. எனக்கு 2005ஐ விட இது கூடுதலாக வலிக்கிறது.

சரி, ஏன் இப்படி நடந்தது? பகிஷ்கரிக்கச் சொன்ன கட்சி ஒன்று இருந்தது, அதனால் சிலர் வேண்டுமென்றே பழுதாக்கியிருப்பார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். இருக்கலாம். வேண்டுமென்று பழுதாக்கியவர் தான் நினைத்ததைச் செய்துவிட்டுப் போகிறார். அது அவருடைய உரிமை. ஆனால் பகிஷ்கரிக்க நினைக்கிறவர் பெரும்பாலும் வீட்டில் நிற்பார். வெயிலில் ஓட்டோ பிடித்து வந்த ஆச்சி பகிஷ்கரிக்க வந்தவர் அல்ல.

38 பேர் போட்டியிட்ட தேர்தல், சீட்டு முழங்கையைத் தாண்டும் நீளம். அது ஒரு காரணம். என் கணிப்பில் பெரிய காரணம் வேறு. “விருப்பு வாக்கு” என்ற சொல்லை எங்கள் சனத்துக்கு நாடாளுமன்றத் தேர்தல்தான் பழக்கியது. அதில் கட்சிக்கு ஒரு புள்ளடி, அப்புறம் கீழே வேட்பாளர் இலக்கங்கள் மூன்றுக்கு மூன்று புள்ளடி. 1989இலிருந்து கை அப்படியே பழகிவிட்டது. ஜனாதிபதித் தேர்தலிலும் அதே சொல்தான், முறை மட்டும் முற்றிலும் வேறு. ஒருவரை மட்டும் விரும்பினால் ஒரு புள்ளடி போதும். இரண்டாவது, மூன்றாவது விருப்பமும் சொல்ல நினைத்தால் 1, 2, 3 என்று இலக்கம் எழுத வேண்டும். இதற்கு முந்தைய எட்டு ஜனாதிபதித் தேர்தல்களிலும் முதல் எண்ணிக்கையிலேயே ஒருவர் பாதியைத் தாண்டிவிட்டதால் அந்த 2க்கும் 3க்கும் வேலையே வரவில்லை. யாரும் கற்றுக்கொள்ளவும் இல்லை, கற்றுக்கொடுக்கவும் இல்லை.

ஒன்பதாவது தேர்தலில் வேலை வந்தது. முதல் எண்ணிக்கையில் அநுர குமாரவுக்கு 5,634,915, நூற்றுக்கு 42.31. சஜித்துக்கு 4,363,035, நூற்றுக்கு 32.76. செப்டெம்பர் 22ஆம் திகதி மற்ற எல்லோரையும் நீக்கிவிட்டு, அவர்களுடைய சீட்டுகளை எடுத்து 2 எங்கே இருக்கிறது, 3 எங்கே இருக்கிறது என்று பார்த்தார்கள். அன்று பின்னேரம் ரேடியோவுக்குப் பக்கத்தில் கொப்பியும் பேனையுமாக இருந்தேன். மற்ற வேட்பாளர்களுக்கு விழுந்தவை எல்லாம் கூட்டினால் 33 இலட்சத்து 21 ஆயிரத்துக்கு மேல். அவற்றிலிருந்து அநுரவுக்குப் போனது 105,264, சஜித்துக்குப் போனது 167,867. இரண்டும் சேர்த்து 273,131. நூறு சீட்டில் எட்டு.

மிச்சம் முப்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. இருவரில் யாரையும் வேண்டாம் என்று தெரிந்தே விட்டவர்கள் அதில் இருப்பார்கள், அது மதிக்க வேண்டிய முடிவு. ஆனால் அத்தனை பேரும் தெரிந்தா விட்டார்கள்? எங்கள் மாவட்டத்தில் மட்டும் ரணிலுக்கும் அரியநேத்திரனுக்கும் போட்ட இரண்டு இலட்சம் சீட்டுகள் அந்த இரண்டாம் சுற்றில் கைக்கு எடுக்கப்பட்டன. சங்குக்கு வாக்களித்தவர் தன் செய்தியையும் சொல்லிவிட்டு, பக்கத்திலேயே 2 என்று எழுதித் தெற்கின் இருவரில் யார் பரவாயில்லை என்பதையும் சொல்லியிருக்கலாம். ஒன்றை விட்டால்தான் மற்றது என்று இல்லை. இதை விளங்கிக்கொள்ளாமல் எத்தனை குடும்பங்களில் ஒரு மாதம் முழுக்கச் சண்டை! என் தம்பியும் நானும் இரண்டு கிழமை கதைக்காமல் இருந்தோம். அவர் சங்கு, நான் வேறு. இரண்டு பேரும் ஒரே சீட்டில் இரண்டையும் எழுதியிருக்கலாம் என்று பிறகுதான் உட்கார்ந்து கதைத்தோம்.

முடிவு மாறியிருக்கும் என்று வாதாட நான் வரவில்லை. அநுர வென்றார், 23ஆம் திகதி பதவியேற்றார், நவம்பரில் அவருடைய கட்சி யாழ்ப்பாணத்திலும் 80,830 வாக்கெடுத்து ஆறில் மூன்று ஆசனங்களைப் பிடித்தது. இரண்டு மாதத்துக்குள் 27 ஆயிரம் 80 ஆயிரமானது. எங்கள் சனம் யோசித்து, மாற்றி, திரும்ப யோசித்து வாக்களிக்கிற சனம் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? 2019இல் இதே சஜித்துக்கு நூற்றுக்கு 83 கொடுத்தவர்கள்தான் 2024இல் 32 கொடுத்தார்கள். 1982இல், முதலாவது ஜனாதிபதித் தேர்தலில், குமார் பொன்னம்பலம் சைக்கிள் சின்னத்தில் நின்றும், இங்கே மூன்றில் ஒன்றுக்கு மேல் சுதந்திரக் கட்சி வேட்பாளர் கொப்பேகடுவவின் கை சின்னத்துக்கு விழுந்தது. என் அப்பாவும் கொப்பேகடுவவுக்குத்தான் போட்டார். அந்தக் கட்சியின் சிறிமாவோ அம்மையார் ஆட்சியில் வெளிநாட்டு வெங்காயமும் மிளகாயும் வராததால் தோட்டக்காரர் கையில் காசு புழங்கியது. “என்ரை வாக்கு என்ரை வெங்காயத்துக்கு” என்றார். அப்படிக் கணக்குப் பார்த்துப் போடத் தெரிந்தவர்களின் பிள்ளைகளுக்கு 1, 2, 3 எழுதத் தெரியாதா? சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

2025 தைப்பொங்கல் கழிந்து எங்கள் மாதர் சங்கத்தில் ஒரு சின்ன முயற்சி செய்தேன். கொப்பித் தாளில் ஆறு பழங்கள் வரைந்து, பக்கத்தில் கட்டம் போட்டு, போட்டோக்கொப்பி எடுத்துக் கொடுத்தேன். மாம்பழம், பலாப்பழம், வாழைப்பழம், கொய்யா, விளாம்பழம், முந்திரிகை. ஒன்றும் விளக்காமல், “முதலாவது விருப்பத்தையும் இரண்டாவது விருப்பத்தையும் போடுங்கோ” என்று மட்டும் சொன்னேன். வந்திருந்தவர்கள் பதினான்கு பேர். ஐந்து பேர் இரண்டு புள்ளடி போட்டிருந்தார்கள். ஒரு அக்காவின் தாளில் மாம்பழத்துக்குப் பெரிய புள்ளடி, பலாப்பழத்துக்குச் சின்னப் புள்ளடி. ஏன் என்று கேட்டேன். “பெரிசு முதலாவது விருப்பம் டீச்சர், சின்னன் ரெண்டாவது” என்றார். எவ்வளவு தெளிவாக யோசித்திருக்கிறார்! அந்தத் தெளிவான யோசனையோடு அவருடைய சீட்டு கழிக்கப்பட்ட கட்டுக்குள் போயிருக்கும்.

பத்து நிமிடம் விளக்கிவிட்டு இன்னொரு தாள் கொடுத்தேன். பதினான்கும் சரி. பத்தே நிமிடம், ஆசிரியர் அவர்களே.

நிறைவேற்று ஜனாதிபதி முறையையே ஒழிப்போம் என்று இந்த அரசாங்கம் விஞ்ஞாபனத்தில் சொல்லியிருக்கிறது. ஒழித்தால் நல்லது. ஒழிக்காவிட்டால் 2029இல் அதே சீட்டு வரும். அதற்குள் செய்யக்கூடிய வேலை இது. கிராம அலுவலர் பிரிவுக்கு ஒரு நாள், சனசமூக நிலையத்தில் ஒரு மணித்தியாலம். கட்சிகள் வீடு வீடாகக் கொடுக்கும் நோட்டீசில் தங்கள் தலைவரின் படத்தைக் கொஞ்சம் சிறிதாக்கி, கீழே 1, 2, 3 எழுதிய மாதிரிச் சீட்டு ஒன்றை அச்சடிக்க வேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறோம். கூப்பிட்டால் வருவோம், பழப்படத் தாளும் கொண்டு வருவோம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை தேர்தல் அறிவித்ததும் மாதிரி வாக்குச்சீட்டைப் பெரிதாக அச்சிடுங்கள். அதை உள்பக்கத்தில் அரசியல் கட்டுரைக்குக் கீழே போடாதீர்கள். மரண அறிவித்தல் பக்கத்தில் போடுங்கள். எங்கள் வயதானவர்கள் பத்திரிகையில் முதலில் விரிப்பது அந்தப் பக்கத்தைத்தான். பக்கத்து வீட்டு ஆச்சிக்கு எழுத்துத் தெரியாத அளவுக்குக் கண் மங்கிவிட்டது. ஆனாலும் காலையில் தேத்தண்ணியோடு பேரனை இருத்தி அந்தப் பக்கத்தை மட்டும் முழுதாக வாசிக்கச் சொல்லிக் கேட்பார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
உரும்பிராய்.