காவல் நிலையத்தோடு ஓராண்டு: குடியிருப்போர் நலச் சங்கத்தின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். செயலாளர் அறிக்கையில் வழக்கமாக வரும் குடிநீர், வடிகால், குப்பை விவகாரங்களை இந்த முறை சுருக்கமாக முடித்துவிடுகிறேன். குடிநீர் பரவாயில்லை. மழைநீர் வடிகால் வேலை பாதியில் நிற்கிறது, மனு மேல் மனு போட்டுக்கொண்டிருக்கிறோம். தெருவிளக்குகள் எரிகின்றன. நாய்த் தொல்லை அப்படியேதான் இருக்கிறது. மற்றபடி இந்த ஆண்டு சங்கத்தின் நேரம் பெரும்பாலும் காவல் நிலையத்தோடு சேர்ந்து செய்த வேலையில் போனது. அறிக்கையும் அதைப் பற்றியதுதான்.

தொடக்கம் ஜூன் 26, சர்வதேச போதைப்பொருள் ஒழிப்பு நாள். பூங்காவில் விழிப்புணர்வுக் கூட்டம், ஆள் சேர்த்துத் தாருங்கள் என்று நிலையத்திலிருந்து கேட்டார்கள். சேர்த்தோம். பேனர், மைக் செட், டீ எல்லாம் சங்கச் செலவு. பாதி நேரம் பொன்னாடை போர்த்துவதிலேயே போனது, மீதி நேரத்தில் உறுதிமொழி. கலையும்போது வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நம் மூத்த உறுப்பினர் ஒருவர், "உறுதிமொழி எடுத்தவங்க எல்லாரும் அறுபதைத் தாண்டினவங்க. இதுல யார் கஞ்சா அடிக்கப் போறா?" என்றார். ஆய்வாளர் காதிலும் அது விழுந்தது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "அப்போ எப்படி நடத்தலாம்னு நீங்களே சொல்லுங்க சார்" என்றார்.

மாதச் சந்திப்பு அப்படிப் பிறந்ததுதான். மேடை இல்லை, பொன்னாடை இல்லை. நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, ஒரு உதவி ஆய்வாளர் உட்கார்ந்து கேள்விகளுக்குப் பதில் சொல்வார். ஆண்டுக்குள் ஆய்வாளர் இடமாற்றலாகிப் போனார். புதியவரிடம் மறுபடி முதலிலிருந்து விளக்க வேண்டியிருந்தது. இருந்தாலும் சந்திப்பு நிற்கவில்லை.

"இது பிரண்ட்ஸ் ஆஃப் போலீஸ் மாதிரி ஆகிவிடாதா?" என்று சிலர் செயற்குழுவில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. பொதுமக்களைக் காவல் பணியில் தன்னார்வலர்களாகச் சேர்த்துக்கொள்ளும்படி 1993-இல் ராமநாதபுரத்தில் பிரதீப் வி. பிலிப் ஐபிஎஸ் தொடங்கிய அந்த அமைப்பு மாநிலம் முழுவதும் பரவி, சாத்தான்குளம் காவல் மரணங்களுக்குப் பிறகு 2020 ஜூலையில் அரசால் தடை செய்யப்பட்டது. நாம் லத்தி பிடிக்கப் போவதில்லை, வாகனம் மறிக்கப் போவதில்லை, யாரையும் விசாரிக்கப் போவதில்லை. தகவல் கொடுப்பது, தகவல் வாங்குவது, இரண்டோடு சரி. செயற்குழு இதைத் தீர்மானமாகவே எழுதி வைத்திருக்கிறது.

இனி மோசடிக்கு வருகிறேன். ஏமாறுகிறவர்கள் பேராசையால் ஏமாறுகிறார்கள் என்பது நம் எல்லோருக்கும் வசதியான நினைப்பு. ஆண்டு முழுவதும் சந்திப்புகளில் கேட்டதை வைத்துச் சொல்கிறேன்: நம் நகரில் பணம் போனதற்கும், போகப் பார்த்ததற்கும் ஆசையைவிடப் பயமும் கூச்சமும்தான் பெரிய காரணம்.

உரியவரின் சம்மதத்தோடு, பெயரையும் தெருவையும் விட்டுவிட்டு ஒன்றை எழுதுகிறேன். ஓய்வு பெற்ற ஆசிரியை, தனியாக இருக்கிறார், மகன் வெளிநாட்டில். கூரியர் கம்பெனியிலிருந்து பேசுவதாக ஒரு காலை அழைப்பு. அவருடைய ஆதார் எண்ணில் மும்பையிலிருந்து தைவானுக்கு ஒரு பார்சல் போகிறதாம், அதில் பாஸ்போர்ட்டுகளும் போதைப்பொருளும் இருக்கின்றனவாம். உடனே 'மும்பை சைபர் கிரைம்' அதிகாரிக்கு இணைப்பு மாற்றப்படுகிறது. வீடியோவில் காக்கிச் சட்டை, பின்சுவரில் சிங்கமுகச் சின்னம், மேசையில் தேசியக் கொடி. "நீங்கள் டிஜிட்டல் கைதில் இருக்கிறீர்கள். கேமராவை விட்டு நகரக் கூடாது. யாரிடமும் பேசக் கூடாது." அன்று இரவு முழுவதும் போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்து, விளக்கை அணைக்காமல் கட்டிலில் உட்கார்ந்திருந்திருக்கிறார். குளியலறைக்குப் போகக்கூட அனுமதி கேட்டிருக்கிறார்.

மறுநாள் வங்கிக்கு அனுப்பினார்கள். வைப்புத்தொகையை உடைத்து 'ரிசர்வ் வங்கி சரிபார்ப்புக்கு' அனுப்ப வேண்டுமாம். யாராவது கேட்டால் மகனுக்கு வீடு வாங்க என்று சொல்ல வேண்டும் என்பதும் அவர்கள் சொல்லிக்கொடுத்ததுதான். கைப்பைக்குள் போன் இணைப்பிலேயே இருந்தது. கவுன்ட்டரில் இருந்த பெண், பெரிய தொகை அனுப்புவதற்கான ஆர்டிஜிஎஸ் படிவத்தைப் பார்த்தார். பணம் பெறுபவர் என்ற இடத்தில் வேறு மாநிலத்து டிரேடிங் கம்பெனி ஒன்றின் பெயர். சென்னையில் வீடு விற்கிறவருக்கு அங்கே என்ன வேலை? "கையெழுத்து ஒத்துப்போகலைம்மா, மேனேஜரைப் பார்த்துட்டு வாங்க" என்று உள்ளே அனுப்பினார். மேலாளர் எதுவும் பேசாமல் ஒரு துண்டுச் சீட்டில் 'யாராவது மிரட்டுகிறார்களா?' என்று எழுதி மேசையில் தள்ளினார். ஆசிரியை அந்தச் சீட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தலையை மட்டும் ஆட்டினாராம். பணம் தப்பியது.

அடுத்த சந்திப்பில் அவரே எழுந்து நின்று இதைச் சொன்னார். எதிர் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கலாமே என்று ஒருவர் கேட்டதற்கு, "முப்பது வருஷம் பிள்ளைங்களுக்கு நல்லது கெட்டது சொன்னவ மேல போதைப்பொருள் கேஸ்னு எப்படிங்க போய்ச் சொல்றது?" என்றார். கூட்டத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு உதவி ஆய்வாளர் சொன்னதை அப்படியே பதிவு செய்கிறேன்: டிஜிட்டல் கைது என்று இந்தியச் சட்டத்தில் ஒன்று கிடையவே கிடையாது. எந்த ஊர்ப் போலீஸும் வீடியோ அழைப்பில் கைது செய்யாது, பணமும் கேட்காது. 2024 அக்டோபர் 27 மனதின் குரல் வானொலி உரையில் பிரதமரும் இதையே சொன்னார்.

இன்னொரு உறுப்பினர் பழைய சோபாவை ஆன்லைனில் விற்கப் போட்டார். ராணுவத்தில் இருப்பதாகச் சொன்ன ஒருவர் பேரம்கூடப் பேசாமல், பணம் அனுப்புகிறேன், இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்கள் என்றார். போட்டார், கணக்கிலிருந்த பணம் போனது. பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் எப்போதுமே தேவையில்லை. இவர் செய்த நல்ல காரியம், மனைவி திட்டுவாரே என்று பார்க்காமல் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அடித்தது. தொகையில் ஒரு பகுதி போன இடத்திலேயே முடக்கப்பட்டது. அது கைக்கு வர நீதிமன்ற உத்தரவு வரை காத்திருக்க வேண்டியிருந்தது, ஆனால் வந்தது. மறுநாள் கூப்பிட்டவர்களின் கதை வேறு. பணம் அதற்குள் ஐந்தாறு கணக்குகளைத் தாண்டி ஏதோ ஒரு ஏடிஎம்மில் ரொக்கமாகிவிட்டிருந்தது.

1930-க்குப் பேசும்போது வங்கியின் பெயர், கணக்கு எண், போன தொகை, நேரம், பரிவர்த்தனை எண் கையில் இருக்க வேண்டும். யுபிஐ என்றால் அது 12 இலக்க எண், செயலியிலேயே இருக்கும். பிறகு தேசிய சைபர் கிரைம் இணையதளத்தில் முழுப் புகாரையும் பதிய வேண்டும். வங்கிக்கும் தனியாக எழுதிக் கொடுங்கள். நம் பங்கு எதுவுமில்லாமல் வெளியாள் திருட்டால் பணம் போய், 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் இழப்பு நம்முடையதல்ல என்பது ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கை. ஓடிபியை நாமே சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போனதெல்லாம் நம் தலையில்தான்.

கல்லூரிப் பிள்ளைகள் வைத்திருக்கும் பெற்றோர் இதைக் கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள். 'உன் அக்கவுன்ட்டைக் கொடு, அதில் வரும் பணத்துக்குக் கமிஷன் தருகிறோம்' என்று மாணவர்களைப் பிடிக்கிறார்கள். பாஸ்புக், ஏடிஎம் கார்டு, சிம் மூன்றையும் கொடுத்துவிட்டுச் சில ஆயிரம் வாங்கிக்கொள்ளும் பையன்தான் வழக்கு வரும்போது முதலில் மாட்டுவான். பின்னாலிருப்பவன் எந்த நாட்டில் இருக்கிறானோ! கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம் என்று வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்புகளை (திறந்தால் போனில் செயலியை நிறுவிவிடுபவை) பற்றிக் குழுவில் பலமுறை போட்டாகிவிட்டது. இங்கே மறுபடி எழுதவில்லை.

போதைப்பொருள் விஷயத்தில் நமக்குக் கண்ணாக இருந்தவர் நம் பகுதித் தூய்மைப் பணியாளர் அக்கா. பறக்கும் ரயில் பாலத்தின் அடியில் குப்பை அள்ளும்போது வலி நிவாரணி மாத்திரை அட்டைகளும் ஊசிகளும் ஒரே இடத்தில் கிடப்பதைப் பார்த்து, அவற்றைத் தனிப் பையில் போட்டுக் கொண்டுவந்து காட்டினார். கஞ்சா என்றால் வாசனை காட்டிக்கொடுக்கும். மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்கிறவனை வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியாது. தகவல் கொடுத்த பிறகு அங்கே மாலை ரோந்து வந்தது, பாலத்தடியில் விளக்கும் போட்டாகிவிட்டது. மருத்துவர் சீட்டு இல்லாமல் இந்த மாத்திரைகளைக் கொடுக்கக் கூடாது என்று மருந்துக் கடைக்காரர்களைக் கூப்பிட்டுப் பேசினார்கள். ரோந்து இருக்கிற நாளில் அந்தக் கும்பல் வேறு எங்கோ போய் உட்காருகிறது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பள்ளிக்கூடத்துப் பெட்டிக்கடையில் கூல் லிப் என்ற புகையிலைப் பொருளை விற்ற விவகாரம் உங்களுக்குத் தெரியும். கல்வி நிறுவனத்திலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலைப் பொருள் எதுவும் விற்கக் கூடாது என்பது 2003-ஆம் ஆண்டுச் சட்டம். உணவுப் பாதுகாப்புத் துறையும் போலீஸும் சேர்ந்து வந்து கடைக்குச் சீல் வைத்தார்கள். கடைக்காரர் மேல் பரிதாபப்பட்டுச் சிலர் என்னிடம் பேசினார்கள். பரிதாபம் எனக்கும் உண்டு. ஆனால் அவர் விற்றது ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு.

போதைப் பழக்கம் உள்ள பையனை வைத்துக்கொண்டு வெளியே சொல்ல முடியாமல் இருக்கும் குடும்பங்கள் நம்மிடையேயும் இருக்கின்றன. சொன்னால் கேஸ் போட்டுவிடுவார்களோ என்பது முதல் பயம். சங்கத்தின் வழக்கறிஞர் உறுப்பினர் இதற்கு விளக்கம் சொன்னார். 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவின்படி, பழக்கத்துக்கு அடிமையானவர் தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை எடுத்துக்கொண்டால், பயன்படுத்தியதற்கோ சிறிய அளவு வைத்திருந்ததற்கோ அவர் மேல் வழக்கு நடத்துவதில்லை. சிகிச்சையைப் பாதியில் விட்டால் இந்தப் பாதுகாப்பும் போய்விடும். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையில் இதற்குத் தனிப்பிரிவு இருக்கிறது. அடையாறு இந்திரா நகரில் 1980-இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை இருக்கிறது. யாரிடமும் பேசத் தயக்கமாக இருந்தால் 14446 என்ற தேசிய உதவி எண். விற்பவர்களைப் பற்றிச் சொல்ல மாநிலத்தில் 10581. மத்தியப் போதைப்பொருள் தடுப்புப் பிரிவு 2024 ஜூலையில் தொடங்கிய மானஸ் எண் 1933. இவை ஒவ்வொரு குடியிருப்பின் லிப்ட் அருகிலும் ஒட்டப்பட்டிருக்கின்றன. பெயின்டுக்கு மேல் ஒட்டியதற்கு வந்த புகார்களும் கிடைத்தன.

கடைசியாகத் தர்ம காரியம். அதே பாலத்தடியில் மனநலம் குன்றிய ஒருவர் மாதக்கணக்காகப் படுத்திருந்தார். சாப்பாடு கொடுத்தவர்கள் நிறையப் பேர், யாருக்காவது சொல்லலாம் என்று தோன்றியது ஒரு கல்லூரி மாணவிக்குத்தான். ஆதரவற்றவர்களை மீட்பதற்காகச் சென்னைப் பெருநகரக் காவல் 2021-இல் தொடங்கிய காவல் கரங்கள் அமைப்புக்கு அவர் போன் செய்தார். வண்டியில் காவலரும் தன்னார்வலர்களும் வந்து, முடி வெட்டி, குளிப்பாட்டி, சட்டை மாற்றிக் காப்பகத்துக்கு அழைத்துப் போனார்கள். அந்த மாணவிக்கு இந்தப் பேரவையில் நன்றி தெரிவிக்க விரும்புகிறேன்.

தர்மத்தின் பெயரால் ஏமாற்றும் ஆட்களையும் பார்த்தோம். ஃபெஞ்சல் புயலில் விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிய சமயம், நிவாரணம் என்று ஒரு க்யூஆர் படம் நம் குழுவிலேயே சுற்றியது. அனுப்பியவரைக் கேட்டால் அவருக்கு யாரோ அனுப்பினார்களாம், அவருக்கு வேறு யாரோ. ஸ்கேன் செய்தால் வந்தது ஒரு தனிநபர் பெயர். அதைக் குழுவிலிருந்து நீக்கச் சொல்லிவிட்டு, நிலையத்துக்கும் தகவல் கொடுத்துவிட்டு, பாயும் போர்வையும் வாங்கி நம் ஆட்களே நேரில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

வாசலில் ஆல்பத்தோடும் உண்டியலோடும் வருகிறவர்களைக் கேள்வி கேட்க நமக்குக் கூச்சம். தர்மம் கேட்பவரிடம் ரசீது கேட்பதா என்று. கேட்கலாம், தாராளமாக. அறக்கட்டளையின் பதிவு எண், பான் எண், நன்கொடைக்கு வரிச் சலுகை தரும் 80ஜி சான்று இருக்கிறதா என்று பாருங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிச் சலுகை கிடையாது. கணக்கு வழியாகக் கொடுத்தால் ஆண்டு முடிவில் 10பிஇ என்ற நன்கொடைச் சான்றிதழ் தர வேண்டியது அவர்கள் பொறுப்பு. காவலாளியிடம் இப்போது ஒரு நோட்டு இருக்கிறது. வசூலுக்கு வருகிறவர் அதில் விவரம் எழுதிவிட்டுத்தான் உள்ளே வரலாம். ஒரு முதியோர் இல்லத்துக்காரர்கள் கேட்ட தாள்களை எல்லாம் மறுநாளே கொண்டுவந்து காட்டி, நிறையவே பெற்றுப் போனார்கள். நோட்டைப் பார்த்ததும் 'அப்புறம் வருகிறோம்' என்று போன சிலர் திரும்பி வரவில்லை.

பேரவையின் முடிவுக்கு மூன்று விஷயங்கள். பூங்கா வாசல் கண்காணிப்புக் கேமரா பழுதாகிவிட்டது. பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க அனுமதி வேண்டும். மாதச் சந்திப்பை ஞாயிறு மாலைக்கு மாற்றினால் வேலைக்குப் போகிறவர்களும் வர முடியும். தனியாக வசிக்கும் மூத்த உறுப்பினர்களைத் தினமும் ஒருமுறை போனில் விசாரிக்க ஒரு சிறு குழு அமைக்க வேண்டும். ஆசிரியை அம்மாவே அதற்குப் பொறுப்பேற்கச் சம்மதித்திருக்கிறார். சந்தா பாக்கி வைத்திருப்பவர்களின் பட்டியல் பொருளாளரிடம் இருக்கிறது. பெயர்களை இங்கே வாசிக்கப் போவதில்லை, கூட்டம் முடிந்ததும் அவரைப் பார்த்துவிடுங்கள்.

இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்