மேற்குச் சுவரைப் பற்றி ஒரு கடிதம்

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்பின் நண்பருக்கு,

உமது கடிதம் கிடைத்தது. கண்புரைச் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்ததென்று அறிந்து நிம்மதியடைந்தேன். சொட்டு மருந்தை இடையில் நிறுத்திவிடாதேயும். இங்கே எல்லோரும் சுகம்.

உடனே பதில் எழுத உட்கார்ந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. சென்ற செவ்வாய்க்கிழமை கொம்பனித்தெருப் பக்கம் போயிருந்தேன். நாமிருவரும் 1974இல் வரைபடக்காரராகச் சேர்ந்த அந்த நான்கு மாடிக் கந்தோரின் மேற்கு முகத்தில் சாரம் கட்டியிருக்கிறார்கள். அந்த முகத்தை மறைத்து நின்ற துளைச்சுவரின் பூவேலைச் சீமெந்துக் கற்களில் மேல் மாடிக்குரியவை இறக்கப்பட்டுவிட்டன. அந்த இடத்தில் அலுமினியத் தகடும் கண்ணாடியும் வரப்போகின்றனவாம். வேலைத்தலத்தில் நின்ற இளம் பொறியியலாளர், "அது அலங்காரம்தானே ஐயா" என்று மரியாதையோடுதான் சொன்னார். அன்று இரவு முழுவதும் அந்தச் சொல் என்னை விடவில்லை.

அது அலங்காரமாக மட்டும் இருந்ததில்லை என்பதை எம்மைவிட நன்றாக அறிந்தவர் யார்? கொழும்பு ஏறத்தாழ 7 பாகை வட அகலாங்கில் இருப்பதால், சித்திரைப் புத்தாண்டுக்குச் சில நாட்கள் முன்னர் நண்பகல் வெயில் உச்சந்தலைக்கு நேரே வந்து நிற்கும். அதைக் கூரையும் தாழ்வாரமும் தடுத்துவிடும். ஆனால் பிற்பகலில் மேற்கே தாழ்ந்து, கிடையாக உள்ளே நுழையும் வெயிலை எந்தத் தாழ்வாரத்தாலும் தடுக்க முடியாது. அதற்கென்றே ஜன்னல்களுக்கு இரண்டடி முன்னால் அந்தச் சுவர் நின்றது. வெயில் கண்ணாடியைக் கடந்து அறைக்குள் வந்துவிட்டால் பிறகு அந்தச் சூட்டை வெளியேற்றுவது பெரும்பாடு. கண்ணாடிக்கு வெளியிலேயே மறித்துவிட்டால், கல் வாங்கிய சூட்டில் பெரும்பகுதியை இடைவெளியில் ஓடும் காற்றே கொண்டுபோய்விடும். வைகாசிக்குப் பின் தென்மேல் காற்று வீசத் தொடங்கியதும் எமது வரைதாள்கள் எழும்பிப் பறக்க, நீர் ஆற்றங்கரைக் கூழாங்கற்களைக் கொண்டுவந்து நான்கு மூலையிலும் வைத்தீர். நாலு மணிக்கு மேசைமேல் விழும் வட்ட வட்டமான ஒளி, ஐந்து மணிக்குள் சாய்ந்து நீண்டு எதிர்ச் சுவரில் ஏறிவிடும். மணிக்கூட்டைப் பாராமலே நாம் பேனையை மூடிவைப்போம். கடும் மழையில் சாரல் தெறித்தது உண்மைதான். அதை நான் மறைக்கவில்லை.

இந்தக் கல்லுக்கு உலகெங்கும் உறவு உண்டு. பிரேசிலின் ரெசிஃபே நகரில் 1929இல் இதற்குக் காப்புரிமை பெற்ற கோயிம்ப்ரா, போக்மன், கோயிஸ் என்ற மூவரின் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்தே அங்கே இதைக் 'கோபோகோ' என்கிறார்கள். புதுடில்லியில் 1959இல் திறக்கப்பட்ட அமெரிக்கத் தூதரகத்தை எட்வர்ட் டூரல் ஸ்டோன் இப்படியான துளைச்சுவரால் சுற்றி மூடினார். ஆனால் எனக்கு நெருக்கமானது காங்கேசன்துறைதான். 1950இல் அங்கே சீமெந்துத் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியபின் உமது தகப்பனார் அங்கு வேலை பார்த்ததையும், சட்டையில் படிந்த சாம்பல் நிறத் தூள் எத்தனை முறை துவைத்தாலும் போகாததையும் நீர் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறீர். உள்ளூர்ச் சீமெந்து, மணல், ஓர் அச்சு, ஈரம் குறைந்த கலவையை இடித்து இறுக்கத் தெரிந்த ஒரு மேசன், மேலே போட்டு நனைக்க ஈரச்சாக்கு: இவ்வளவுதான் தேவைப்பட்டது. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இறக்குமதி இறுகிக் கிடந்த அக்காலத்தில் இது சிறிய காரியமல்ல. 1977க்குப் பின் இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் குளிரூட்டிகள் வந்தன, ஜன்னல்கள் அடைக்கப்பட்டன, சுவருக்குச் செய்ய வேலை இல்லையென்று எல்லோரும் எண்ணிக்கொண்டார்கள். குளிரூட்டிய அறைக்கும் வெளி நிழல் வேண்டும், அது மின்சாரச் செலவைக் குறைக்கும் என்பதை ஏனோ எவரும் கணக்கில் எடுக்கவில்லை.

சுவரில் பழுது இல்லாமலில்லை. கற்கள் நேருக்கு நேராக அடுக்கப்பட்டிருப்பதால் செங்கல் வேலையைப்போல ஒன்றையொன்று பிணைத்துக்கொள்ளா. மூட்டுகளுக்குள் கிடத்திய மெல்லிய கம்பிகளே தாங்குகின்றன. கடற்காற்றின் உப்பு உள்ளே ஊறிக் கம்பி துருப்பிடித்து, துரு பருத்து, கல்லைப் பிளந்திருக்கிறது. இரண்டாம் மாடியில் நாற்பது கற்கள் வரையில் வெடித்திருப்பதை எண்ணிப் பார்த்தேன். தெருவில் போவோர் தலையில் விழக்கூடும் என்ற அவர்களது அச்சம் நியாயமானதே. ஆனால் நாற்பது கல் பழுதென்றால் நாற்பதை மாற்றலாமே!

இதை எடுத்துச் சொன்னபோது, அந்தப் பொறியியலாளர் காது கொடுத்துக் கேட்டார். கீழ் இரண்டு மாடிகளில் இன்னும் கை வைக்கவில்லை. சரியான அளவோடு வரைபடம் கொண்டுவந்தால் துருப்பிடிக்காத கம்பியோடு புதிதாக வார்ப்பதைப் பற்றி மேலிடத்தில் பேசிப் பார்ப்பதாகச் சொன்னார். பழைய அச்சு எங்கே போயிற்றென்று ஒருவருக்கும் தெரியாது. இறக்கிய கற்களோ நொறுங்கிக் குவிந்து கிடக்கின்றன.

நீர் வேலையை விட்டுப் போனபோது மிச்சமிருந்த கல்லொன்றைக் கோணியில் கட்டி, யாழ்தேவி ரயிலில் கொக்குவிலுக்குக் கொண்டுபோனீர். சென்ற முறை நான் வந்தபோதும் அது கிணற்றடியில் துளசிச் சாடிக்குக் கீழே இருந்தது. சாடியை மெல்ல இறக்கிவைத்து, பாசியைச் சுரண்டிவிட்டு, வெளிப்பக்க நீளம், அகலம், தடிப்பு, நடுத்துளையின் விட்டம், விளிம்பில் கல் எவ்வளவு தடிப்பு என்பவற்றை அளந்து அனுப்பும். குனிவதற்கு வைத்தியர் தடை சொல்லியிருந்தால் பேரனிடம் விடும். துளை வெளியே அகன்றும் உள்ளே ஒடுங்கியும் இருந்ததாக எனக்கு நினைவு. அதையும் ஒரு தடவை சரிபார்க்கச் சொல்லும். மாத முடிவுக்குள் கிடைத்தால் போதும், வரைபடத்தை நானே வரைந்துவிடுவேன்.

இப்படிக்கு,
உமது பழைய மேசைத் தோழன்