ஜெனரேட்டர் வாங்குமுன் மோட்டாரைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பருவமழை முன்னேற்பாடுகள் பற்றி நீங்கள் போட்டிருந்த பக்கத்தைப் படித்தேன். மெழுகுவர்த்தி, டார்ச், மருந்து மாத்திரை, பால் பவுடர் எல்லாம் வரிசையாகச் சொல்லிவிட்டு, வசதி உள்ளவர்கள் சிறிய ஜெனரேட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். பட்டுக்கோட்டைப் பக்கம் வயரிங் வேலை பார்க்கிறவன் நான். ஐப்பசி பிறந்தால் போதும், "எத்தனை கேவி வாங்கலாம்ணே" என்று (கே.வி.ஏ.வைத்தான் அப்படிச் சொல்வார்கள், ஜெனரேட்டர் எவ்வளவு லோடு தாங்கும் என்கிற அளவு) போன் வர ஆரம்பித்துவிடும், அதிலும் பாதிப் பேர் கடையில் நின்று விலை பேசி முடித்துவிட்டுத்தான் கேட்பார்கள்.

எங்கள் பகுதியில் இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 2018 நவம்பர் 16 நள்ளிரவு தாண்டிய நேரத்தில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கஜா புயல் கரையேறியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. வெளி மாவட்ட ஊழியர்கள், கேரள மின்வாரியத்துக்காரர்கள்கூட வந்து வேலை பார்த்தும், உள்ளடங்கிய ஊர்களுக்குக் கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது. அந்த நாட்களில் ஜனங்கள் எதற்குத் தவித்தார்கள்? ஃபேனுக்கா, டிவிக்கா? கார்த்திகை மாதத்தில் ஃபேன் யார் கேட்டார்கள். தண்ணீருக்குத்தான். ஊராட்சித் தொட்டியிலும் தண்ணீர் ஏறவில்லை, வீட்டு போர்வெல் மோட்டாரும் ஓடவில்லை, அடிபம்பையெல்லாம் எப்போதோ பிடுங்கிப் போட்டாயிற்று. பந்தல்காரர்களும் மண்டபக்காரர்களும் வைத்திருந்த ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றிவந்து தெருத்தெருவாக நிறுத்தி, மணிக்கு இவ்வளவு என்று பணம் வாங்கிக்கொண்டு மேல்தொட்டியை நிரப்பிக் கொடுத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், எரிபொருள் அவர்கள் காசு.

ஆகவே வீட்டுக்கு ஜெனரேட்டர் வாங்கப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது கடைக்காரரின் விலைப்பட்டியலை அல்ல, தன் வீட்டு போர் மோட்டாரின் கண்ட்ரோல் பெட்டியை. எத்தனை எச்.பி., சிங்கிள் ஃபேஸா த்ரீ ஃபேஸா? த்ரீ ஃபேஸ் என்றால் தள்ளிக்கொண்டு போகும் சிறிய பெட்ரோல் ஜெனரேட்டர் பற்றிய பேச்சே வேண்டாம், அது வேறு கணக்கு. சிங்கிள் ஃபேஸில் 1 எச்.பி. என்றால் 746 வாட், ஓடும்போது இழுப்பது ஏறக்குறைய 1,000 முதல் 1,100 வாட். இதைப் பார்த்துவிட்டு 1.5 கே.வி.ஏ. போதும் என்று வாங்கிவருகிறார்கள். மோட்டார் புறப்படும் அந்த ஒரு நொடியில் வழக்கமாக இழுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும் என்பதைக் கடையில் யாரும் சொல்வதில்லை. சின்ன ஜெனரேட்டர் ஒரு முறை முனகும், லைட் மங்கும், மோட்டார் உறுமும், ஏறாது. அப்படியே இரண்டு மூன்று தடவை முயற்சி செய்தால் மோட்டாரைக் கிளப்பிவிடும் கெபாசிட்டர் போகும், இல்லாவிட்டால் உள்ளே சுற்றியிருக்கும் கம்பி, அதாவது வைண்டிங்கே போகும். புயல் நேரத்தில் போரிலிருந்து மோட்டாரை இழுக்க ஆள் எங்கே கிடைக்கும்? 1 எச்.பி. நீர்மூழ்கி மோட்டாருக்கு 3 முதல் 5 கே.வி.ஏ. வரை ஜெனரேட்டர் வேண்டும். அரை எச்.பி. என்றால் 2, 2.5 போதும். டவுனில் கீழ்த்தொட்டி வைத்திருப்பவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு, போர் மோட்டாரை விட்டுவிட்டு, கீழ்த்தொட்டியிலிருந்து மேலே ஏற்றும் அரை எச்.பி. மோனோபிளாக் பம்ப்பை மட்டும் கணக்கில் எடுத்தால் ஜெனரேட்டர் செலவு நன்றாகவே குறையும்.

பெட்டியில் பெரிதாக அச்சடித்திருக்கும் எண்ணை நம்பாதீர்கள். பல கம்பெனிகளில் அது உச்ச அளவு, கொஞ்ச நேரம் மட்டும் தாங்குவது. தொடர்ந்து தரக்கூடியது 'ரேட்டட்' என்று சின்ன எழுத்தில் இருக்கும், அதைக் கேளுங்கள். இன்ஜின் எச்.பி.யைக் காட்டி ஆறரை எச்.பி. ஜெனரேட்டர் என்று விற்பவர்களும் உண்டு, இன்ஜினுக்கு எத்தனை எச்.பி. இருந்தாலும் வெளியே வரும் கரண்ட் எவ்வளவு என்பதுதான் நமக்கு வேண்டும். கரண்ட் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர் காப்பர் வைண்டிங்கா அலுமினியமா, ஆயில் குறைந்தால் தானாக நிற்குமா, அப்புறம் நம் ஊரில் இதைப் பிரித்து மாட்டத் தெரிந்த மெக்கானிக் இருக்கிறாரா, இதையும் கேட்டுவிடுங்கள். ஆன்லைனில் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று வாங்கி, கயிறு இழுக்கும் ஸ்டார்ட்டர் அறுந்ததும் மாற்றுப் பொருள் கிடைக்காமல் மாட்டுக்கொட்டகையில் துணி போர்த்தி வைத்திருக்கும் ஜெனரேட்டர்கள் எங்கள் பக்கத்தில் நிறைய.

இன்வெர்ட்டர் வகை ஜெனரேட்டர் என்று ஒன்று வருகிறது. சத்தம் குறைவு, கரண்ட் சீராக வரும், லேப்டாப்பை நேராகச் சொருகலாம். விலை அதிகம். மோட்டார்தான் முக்கியம் என்கிறவருக்கு அந்தக் காசுக்குப் பெரிய அளவில் சாதா ஜெனரேட்டரே கிடைக்கும் என்பது என் அபிப்பிராயம். வீட்டில் இருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர் வேறு மாதிரி முடிவு செய்யலாம்.

இன்னொன்று, ஜெனரேட்டர் வாங்கிவிட்டால் நாள் முழுக்க ஓட்டலாம் என்று கனவு காண்கிறவர்கள் பெட்ரோல் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். சிறிய ஜெனரேட்டர் ஒரு லிட்டரில் ஒன்றரை யூனிட், மிஞ்சினால் இரண்டு யூனிட் தரும். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தாலும் ஒரு யூனிட் ஐம்பது ரூபாய்க்குக் குறைந்து வராது. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாக வாங்கிப் பழகியவர்கள் நாம்! அதனால் காலையில் இரண்டு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் ஓட்டினால் போதும். அந்த நேரத்தில் தொட்டியை நிரப்புங்கள், தொட்டி நிரம்பி மோட்டாரை நிறுத்திய பிறகு மாவை ஆட்டுங்கள், பிரிட்ஜ் குளிரட்டும், வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி ஏறட்டும். இரவில் நாலு எல்.இ.டி. பல்பும் ஒரு ஃபேனும் இன்வெர்ட்டரிலேயே ஓடும், 150 ஏ.எச். பேட்டரி நன்றாக இருந்து முழுதாக ஏறியிருந்தால் இரவைத் தாண்டிவிடும். சில இன்வெர்ட்டர்கள் ஜெனரேட்டர் கரண்ட்டை ஏற்காமல் அடம்பிடிக்கும், பின்பக்கம் யு.பி.எஸ். என்று இருக்கும் சுவிட்சை நார்மலுக்கு மாற்றிப் பாருங்கள், பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். இண்டக்‌ஷன் அடுப்பு, கீசர், அயர்ன் பாக்ஸ் மூன்றையும் அந்த நாட்களில் மறந்துவிடுங்கள்.

இன்வெர்ட்டர் மட்டும் வைத்திருக்கிற பலருக்கு, தண்ணீர் வேறு வழியில் கிடைக்கும் என்றால், ஜெனரேட்டரே தேவையில்லை என்றும் சொல்வேன். ஒரு இரவு மின்வெட்டுக்காக நாற்பதாயிரம் ஐம்பதாயிரம் போட வேண்டாம். கூரையில் சோலார் இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பேட்டரி இல்லாமல் மின்வாரிய லைனோடு இணைத்த சோலார், லைனில் கரண்ட் போனதும் தானும் நின்றுவிடும். வெயில் கொளுத்தினாலும் வராது. கம்பத்தில் ஏறி வேலை செய்கிறவர் உயிரைக் காப்பதற்காக அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள்.

அந்த உயிர் விஷயத்துக்கு வருகிறேன். நான் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். இரண்டு முனையிலும் பிளக் மாட்டிய ஒரு ஒயர். ஒரு முனையை ஜெனரேட்டரிலும் மறு முனையைச் சுவரில் உள்ள 15 ஆம்பியர் பிளக் பாயிண்டிலும் சொருகினால் வீடு முழுக்க லைட் எரியும். வயர்மேன் கூலி மிச்சம். இதைச் செய்து கொடுங்கள் என்று என்னிடமே கேட்கிறார்கள், முடியாது என்றால் இன்னொருவரிடம் போகிறார்கள். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் சொருகுவோம் என்பார்கள். இருட்டில், மழையில், அவசரத்தில் ஒரு நாள் மறந்தால் என்ன ஆகும்? உங்கள் வீட்டு 230 வோல்ட் கரண்ட், மீட்டர் வழியாக வெளியே போய், டிரான்ஸ்ஃபார்மரில் தலைகீழாக ஏறி, அந்தப் பக்கம் 11,000 வோல்ட் ஆகும். சப்ளை இல்லை என்று நினைத்துக் கம்பத்தில் இருக்கிறவர் கதி அதோடு முடிந்தது. தெரு முழுக்க வீடுகள் இருக்கே, அத்தனை லோடையும் இழுக்க முடியாமல் ஜெனரேட்டர் தானாக ட்ரிப் ஆகி நின்றுவிடுமே என்று விவரம் தெரிந்த ஒருவர் வாதாடினார். சாதாரண நாளில் அது நடக்கலாம். புயலுக்குப் பிறகு கம்பி அங்கங்கே அறுந்து கிடக்கும், உங்கள் வீட்டுக்கும் அறுந்த முனைக்கும் நடுவில் வேறு வீடே இருக்காது, ஜெனரேட்டர் நிம்மதியாக ஓடிக்கொண்டிருக்கும், கம்பி உயிரோடு கிடக்கும். லைன்மேன் மட்டுமில்லை, மாடு பிடிக்கப் போகிற பையன்கூட மிதிக்கலாம். வீட்டுக்குள்ளேயும் ஆபத்துதான், சுவரிலிருந்து பிடுங்கிய பிளக்கின் பித்தளைக் கால்கள் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டு கரண்ட்டோடு கையில் இருக்கும்.

இதற்கு மாற்று சேஞ்ச் ஓவர் சுவிட்ச். ஒன்று மின்வாரியம், இல்லையென்றால் ஜெனரேட்டர், இரண்டும் சேரவே முடியாது. ஃபேஸோடு நியூட்ரலையும் சேர்த்து மாற்றுகிற டபுள் போலாகப் போட வேண்டும். ஜெனரேட்டர் விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாத பொருள். மேல்தொட்டி மோட்டாருக்கு மட்டும் போதும் என்றால் அந்த ஒரு லைனை மட்டும் இதில் கொண்டுவரலாம். ஜெனரேட்டர் பில் போடும்போதே இதையும் சேர்த்து விற்கக் கடைக்காரர்கள் பழகிக்கொண்டால் நல்லது. அடுத்த முறை நீங்களும் இந்தச் சுவிட்சின் பெயரையாவது சேர்த்து அச்சிடுங்கள், ஐயா.

புகை பற்றியும் சொல்லியாக வேண்டும். திருட்டுப் போய்விடும், மழையில் நனையும் என்று போர்டிகோவிலும் மாடிப்படிக்குக் கீழும் வைத்து ஓட்டுகிறார்கள். பெட்ரோல் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தலைவலி, மயக்கம் என்று படுத்தவர் எழுந்திருக்கமாட்டார். ஜன்னல் திறந்திருக்கிறது என்பது பாதுகாப்பே இல்லை. வீட்டிலிருந்து இருபது அடியாவது தள்ளி, புகைக்குழாய் வீட்டைப் பார்க்காமல் மறுபக்கம் பார்க்க வைத்து, மேலே மட்டும் ஒரு தகரக் கூரை, நாலு பக்கமும் திறப்பு. தூரம் கூடுகிறதே என்று மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரை இழுக்காதீர்கள், மோட்டார் லோடுக்கு 2.5 ஸ்கொயர் எம்.எம். காப்பராவது வேண்டும். தூங்கப் போகும்போது கட்டாயம் நிறுத்திவிடுங்கள்.

ஓட்டும் முறையில் ஒரு விஷயம். ஜெனரேட்டரை முதலில் ஸ்டார்ட் செய்து கொஞ்சம் சூடாக விட்டு, பிறகு மோட்டார், அது ஏறி நின்ற பிறகு மற்றவை. நிறுத்தும்போது மோட்டாரை முதலில் நிறுத்த வேண்டும். பெட்ரோல் தீர்ந்து ஜெனரேட்டர் மெல்ல மெல்ல அடங்கும்போது நீர்மூழ்கி மோட்டாரும் கூடவே இழுபட்டு நின்றால் அதன் பேரிங்குக்குக் கேடு.

மழைக்காலம் முடிந்ததும் டேங்க்கில் பெட்ரோலை அப்படியே விட்டு மூடி வைத்தால் அடுத்த வருஷம் ஸ்டார்ட் ஆகாது. இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை வேறு இழுக்கும், கார்ப்பரேட்டருக்குள் பிசின் மாதிரி படியும். டேங்க்கைக் காலி செய்து, கார்ப்பரேட்டரில் உள்ளதும் எரிந்து தானாக நிற்கும்வரை லோடு இல்லாமல் ஓட்டிவிட்டு வையுங்கள். மாதம் ஒரு தடவை கொஞ்சம் பெட்ரோல் ஊற்றி லோடோடு பத்து நிமிடம் ஓட்டுவது நல்லது. புது இன்ஜினுக்கு முதல் இருபது மணி நேரத்தில் ஆயில் மாற்றச் சொல்லியிருப்பார்கள், யாரும் செய்வதில்லை.

எல்லோரும் தனித்தனியாக வாங்க வேண்டுமா என்றால், வேண்டாம். ஒரு தெருவில் ஐந்தாறு வீட்டுக்காரர்கள் சேர்ந்து 5 கே.வி.ஏ. ஒன்று வாங்கி, ஒவ்வொரு வீட்டு மோட்டாருக்கும் சேஞ்ச் ஓவர் போட்டுக்கொண்டால், முறை வைத்து வீட்டுக்கு அரை மணி நேரம் ஓட்டினாலே எல்லார் தொட்டியும் நிரம்பும். பெட்ரோல் யார் கணக்கு, யார் வீட்டில் நிற்கும், கெட்டுப்போனால் யார் கொடுப்பது, இதை மட்டும் வெயில் காலத்திலேயே பேசி ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வயர்மேன்,
பட்டுக்கோட்டை