முதல் மணிக்கு முன்பே களைத்துப்போகும் பிள்ளைகள்: முதன்மைக் கல்வி அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர்களாகப் பொறுப்பிலிருக்கும் பெருமதிப்பிற்குரியவர்களுக்கு,

வணக்கம். காலாண்டுத் தேர்வு முடிந்ததும் மாவட்டந்தோறும் தேர்ச்சி மீளாய்வுக் கூட்டம் நடக்கும். எந்தப் பாடத்தில் எத்தனை பேர் தோல்வி, மெல்லக் கற்கும் மாணவர் பட்டியல் தயாரா, சிறப்பு வகுப்பு என்றைக்குத் தொடங்குகிறது என்று தலைமையாசிரியர்களிடம் கேட்பீர்கள். பிள்ளைகள் ஏன் பின்தங்குகிறார்கள் என்ற பேச்சு எழுந்தால் உடனே வரும் பதில் செல்போன். ராத்திரி முழுக்க ரீல்ஸ் பார்க்கிறார்கள், ஃப்ரீ ஃபயர் ஆடுகிறார்கள், நேரத்துக்குத் தூங்குவதில்லை, காலையில் சாப்பிடாமல் வருகிறார்கள்.

பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கும் ஆசிரியை நான். இவை எல்லாம் உண்மை என்று எனக்கும் தெரியும். ஆனால் அந்தப் பிள்ளையின் ஒரு நாளில் பெரும்பகுதியைத் தீர்மானிப்பது பள்ளிதான். தூக்கத்துக்கும் சாப்பாட்டுக்கும் விளையாட்டுக்கும் அதில் எவ்வளவு நேரம் மிச்சம் வைக்கிறோம் என்ற கேள்வி மட்டும் எந்தக் கூட்டத்திலும் எழுவதில்லை.

பக்கத்துக் கிராமத்திலிருந்து வரும் ஒரு மாணவியை எடுத்துக்கொள்ளுங்கள். காலைச் சிறப்பு வகுப்பு எட்டு மணிக்கு. அதற்கு ஏழு மணி டவுன் பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். விட்டால் அடுத்தது எட்டரைக்குத்தான். ஐந்து மணிக்கு எழுந்து வாசல் தெளித்து, குழாயில் தண்ணீர் பிடித்து வைத்து, தம்பியைக் கிளப்பிவிட்டுத்தான் அவள் கிளம்ப முடியும். அம்மாவும் வேலைக்கு ஓடும் வீட்டில் அந்த நேரத்துக்கு உலை கொதித்திருக்காது. ஒரு டம்ளர் டீயோடு வருகிறாள். மாலைச் சிறப்பு வகுப்பு முடிய ஆறு மணி, பஸ்ஸுக்குக் காத்திருந்து வீடு சேர ஏழரை. மதியம் சாப்பிட்ட சத்துணவுக்குப் பிறகு அதுவரை வயிற்றில் ஒன்றும் இல்லை. ஒன்பது மணிக்கு மேல் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வினாத்தாள் பிடிஎஃப் வரும். விடை எழுதி, படம் எடுத்து அனுப்ப வேண்டும். அப்பாவின் போன் அந்த நேரத்தில் அவள் கைக்குப் போவது பள்ளிக்காகத்தான். அனுப்பி முடித்த பிறகு அதை உடனே கீழே வைக்கும் கட்டுப்பாடு எத்தனை பெரியவர்களுக்கு இருக்கிறது? படுக்கப் பதினொன்றரை ஆகிறது. மறுநாளும் ஐந்து மணி.

பதிமூன்று முதல் பதினெட்டு வயது வரை எட்டிலிருந்து பத்து மணி நேரத் தூக்கம் தேவை என்கிறார்கள் தூக்க மருத்துவர்கள். இவளுக்குக் கிடைப்பது ஐந்தரை. அதன் விளைவை நோட்டுத் திருத்தும்போது பார்க்கலாம். முதல் இரண்டு வரி முத்து முத்தாக இருக்கும். மூன்றாவது வரி கோட்டை விட்டுக் கீழே இறங்கும். பிறகு பாதிச் சொல்லில் பேனா நீளமாக ஒரு கோடு இழுத்துவிட்டு நின்றிருக்கும். அந்த இடத்தில்தான் அவள் கண் செருகியிருக்கிறது. அந்தப் பெண்ணைத்தான் மெல்லக் கற்பவள் என்று பட்டியலில் எழுதுகிறோம்.

பருவ வயதில் உடலின் கடிகாரமே மாறுகிறது. இருட்டிய பின் தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின், சிறு பிள்ளைகளுக்குச் சுரப்பதைவிட ஒன்றிரண்டு மணி நேரம் தாமதமாகத்தான் இவர்களுக்குச் சுரக்கிறது. சீக்கிரம் படு என்று அதட்டினாலும் தூக்கம் எளிதில் வராது. பகலில் படித்தது மூளையில் பதிந்து நிலைபெறுவதும் தூக்கத்தில்தான். விடியற்காலையில் படித்தால் மனதில் நிற்கும் என்று நம் வீடுகளில் காலங்காலமாகச் சொல்வது ஒன்பது மணிக்கே ஊர் அடங்கிய காலத்துக்குப் பொருந்தியது. பதினொன்றரைக்குப் படுத்தவளை ஐந்து மணிக்கு எழுப்பிப் படிக்கவைத்தால், நேற்றுப் படித்தது பதிவதற்கான நேரத்தை வெட்டிவிட்டு இன்றைய பாடத்தை அதன்மேல் திணிக்கிறோம்.

அமெரிக்காவில் சியாட்டில் நகரம் 2016இல் உயர்நிலைப் பள்ளிகளின் தொடக்க நேரத்தை 7.50இலிருந்து 8.45க்குத் தள்ளிவைத்தது. மாணவர்களின் மணிக்கட்டில் கருவி கட்டி அளந்து பார்த்தார்கள். நேரம் கிடைத்துவிட்டதென்று பிள்ளைகள் கூடுதலாகக் கண் விழிக்கவில்லை. அன்றாடத் தூக்கம் 34 நிமிடம் கூடியிருந்தது. அந்த வகுப்புகளின் மதிப்பெண்ணும் 4.5 விழுக்காடு உயர்ந்திருந்தது. உயர்வுக்கு நேர மாற்றம் மட்டுமே காரணம் என்று ஆய்வாளர்கள் அடித்துச் சொல்லவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் வசதி குறைந்த பிள்ளைகள் அதிகம் படித்த பள்ளியில் தாமத வருகையும் விடுப்பும் குறைந்தன என்பது நம் பள்ளிகளை நினைத்துப் பார்க்க வேண்டிய செய்தி. கலிபோர்னியா மாநிலம் 2022 முதல் உயர்நிலைப் பள்ளிகள் எட்டரைக்கு முன் தொடங்கக் கூடாது என்று சட்டமே போட்டுவிட்டது. நம் பள்ளி மணி ஒன்பதை ஒட்டித்தான் அடிக்கிறது. நல்ல நேரம். அதைக் காலைச் சிறப்பு வகுப்பு வைத்துக் கெடுக்கிறோம்.

சாப்பாட்டு விஷயத்தில் தமிழ்நாட்டுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. 2022இல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் வகுப்பறையில் என்ன செய்கிறது என்பதைத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களைக் கேட்டால் சொல்வார்கள். அது ஐந்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்காக வந்தது. எட்டு மணி வகுப்புக்கு வரும் பதினைந்து வயதுப் பிள்ளைக்குப் பசி குறைவா? பெண் பிள்ளைகளிடம் இன்னொன்றும் பார்க்கிறேன். பள்ளிக் கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்குமே என்று தண்ணீரே குடிக்காமல் இருப்பார்கள். மதியத்துக்கு மேல் தலைவலி என்று மேசையில் கவிழ்வார்கள். இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. அந்த உடம்போடு வந்தவளிடம்தான் கவனம் எங்கே என்று அதட்டுகிறோம்.

விளையாட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பி.இ.டி. பீரியடைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் கடன் வாங்காதீர்கள் என்று அமைச்சரே கேட்டுக்கொண்ட பிறகும், முதல் திருப்புதல் தேர்வு வந்தால் பத்தாம் வகுப்புக்கு மைதானம் மூடிவிடுகிறது.

சிறப்பு வகுப்பே வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. ட்யூஷனுக்குப் பணம் கட்ட முடியாத, ஒற்றை அறையில் டிவி ஓடும் வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்குப் பள்ளிதான் படிக்கும் இடம். அதை எடுத்துவிட்டால் அவர்களுக்கு வேறு போக்கிடம் கிடையாது. தேர்ச்சி குறைந்தால் விளக்கக் கடிதம் எழுத வேண்டிய தலைமையாசிரியரின் பதற்றமும் எனக்குப் புரிகிறது. அதனால்தான் இதை அவர்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். நீங்கள் சொன்னால் ஒழிய ஒரு தலைமையாசிரியர் தனியாக இதை மாற்றத் துணிய மாட்டார்.

காலைச் சிறப்பு வகுப்பை நிறுத்தி, மாலையில் மட்டும் ஐந்தரைக்குள் முடிக்கச் சொல்லுங்கள். ஐந்தரை என்பது கடைசி வரம்பாக இருக்கட்டும், பஸ் நேரத்தைப் பார்த்து அந்தந்தப் பள்ளி வகுத்துக்கொள்ளட்டும். அந்த வகுப்புக்கு இருப்பவர்களுக்குச் சுண்டலோ பயறோ கொடுக்க வழி செய்யுங்கள். முன்னாள் மாணவர்களும் பள்ளி மேலாண்மைக் குழுவும் சேர்ந்து இதைச் செய்யும் ஊர்கள் உண்டு. இரவு ஏழு மணிக்கு மேல் வகுப்புக் குழுவில் பாடம் சம்பந்தமாக எதுவும் அனுப்பக் கூடாது என்று ஆசிரியர்களுக்குச் சுற்றறிக்கை விடுங்கள். அதன் பிறகு போனை வாங்கி வையுங்கள் என்று பெற்றோரிடம் சொல்ல எங்களுக்கும் வாய் இருக்கும்.

அடுத்த மீளாய்வுக் கூட்டத்துக்குத் தோல்விப் பட்டியலோடு இன்னும் இரண்டு விவரங்களையும் கொண்டுவரச் சொல்லுங்கள்: அந்தப் பிள்ளைகள் எத்தனை மணிக்கு எழுகிறார்கள், காலையில் என்ன சாப்பிட்டார்கள். வகுப்பாசிரியர்கள் ஒரே வாரத்தில் கேட்டுக் குறித்துத் தருவோம்.

இப்படிக்கு,
ஒரு பட்டதாரி அறிவியல் ஆசிரியை,
அரசு மேல்நிலைப் பள்ளி