இருமினால் சிறுநீர் கசிவதற்குப் பயிற்சி உண்டு

ஐயா,

இருமினால், தும்மினால் சிறுநீர் கசிகிறது என்பதற்காகவே வெளியூர்ப் பேருந்து ஏறத் தயங்கும் பெண்கள் பலர். ‘பிள்ளை பெத்தா அப்படித்தான்’ என்று வீட்டில் வாயடைத்துவிடுகிறார்கள். இது சரிசெய்யக்கூடிய தொல்லை. இதற்கான பயிற்சியை, அதாவது சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைக்கான பயிற்சியை, அமெரிக்க மருத்துவர் ஆர்னால்டு கெகல் 1948-லேயே விளக்கி எழுதினார். சிறுநீரை அடக்குவதுபோலத் தசையை உள்ளிழுத்து, சில விநாடி நிறுத்தித் தளர்த்த வேண்டும்; வேளைக்கு 8 முறையாவது, தினம் 3 வேளை, குறைந்தது 3 மாதம். மூச்சைப் பிடிக்கவோ தொடையை இறுக்கவோ கூடாது. பலர் வேறு தசையைத்தான் இறுக்குகிறார்கள். அதனால் இயன்முறை மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) பார்த்துச் சொல்லித்தருவது அவசியம்.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை மருத்துவர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். முட்டிவலியை விசாரிக்கும்போது இதையும் கூச்சமில்லாமல் விசாரிக்கட்டும். குழந்தைக்குத் தடுப்பூசி போடும் நாளில் தாய்மார்களுக்கும் கற்றுத்தர சுகாதாரத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும்.

– ஒரு வாசகி, கும்பகோணம்